தங்க ரேக்கும் வடக்கு ஜன்னலும்

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் 24 ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு, 2023 ஜூன் மாதம் குரோம்பேட்டையில் இரண்டாவது தளத்திலுள்ள ஒரு குடியிருப்புக்கு நாங்கள் மாறினோம். பழைய கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக வீட்டுக்காரர் ஆறு மாதம் முன்னதாகவே சொல்லிவிட்டதால் அவர்மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நான் தஞ்சாவூர் ஓவியம் வரைபவள்; வாரத்தில் ஒரு நாள் நான்கைந்து பேருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். பழைய வீட்டில் எனக்கென்று தனி அறை இருந்ததில்லை. கூடத்தில் ஜன்னலை ஒட்டிப் பாயை விரித்து, மணைப்பலகையின் மேல் பலகைப்படத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, விருந்தாளி வந்தால் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவதே வழக்கமாக இருந்தது. புது வீட்டில் பத்தடிக்குப் பதினோரு அடி அறையொன்று முழுக்க எனக்கு என்று முடிவானபோது, இத்தனை ஆண்டுகள் பட்ட சிரமமெல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். உண்மையில் அந்த அறையில் பழையபடி கை ஓடுவதற்கு எட்டு மாதங்கள் பிடித்தன.

தஞ்சாவூர் ஓவியத்தைப் பூஜையறையில் மட்டும் பார்த்தவர்களுக்காக வேலையின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். அறை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அதிலிருந்துதான் புரியும். முதலில் ஒட்டுப்பலகையின் மேல் காடாத் துணியைப் பசையிட்டு ஒட்டுகிறோம். அதன்மேல் சாக் பவுடரும் பசையும் கலந்த கலவையைப் பல பூச்சாகப் பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகிறோம். படத்தை வரைந்துகொண்டு, நகைகளும் மண்டபமும் வரும் இடங்களில் ஜெய்ப்பூர் கற்களைப் பதித்து, அவற்றைச் சுற்றி மக்கு என்னும் கெட்டிக் கலவையை வைத்துப் புடைப்பாக எழுப்புகிறோம். அது காய்ந்தபின் அரபிக் கோந்து தடவித் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, ஒட்டி, அழுத்தி, வெட்டுகிறோம். வண்ணமும் முகமும் கடைசியில் வரும். ஆக ஒரே வேலைக்குள் தூசி பறக்கும் கட்டம் ஒன்று உண்டு, ஈரத்தோடு கிடக்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு, ஒரு மூச்சுக்காற்றுகூட ஆகாத கட்டம் ஒன்று உண்டு, நல்ல வெளிச்சம் இல்லாமல் தொடவே கூடாத கட்டமும் ஒன்று உண்டு. இந்த நான்கையும் பழைய கூடம் எப்படித் தாங்கியது என்பதை அங்கிருந்த காலத்தில் நான் யோசித்ததே இல்லை.

பொருள்களைக் கழிப்பதில் பெரிய தடுமாற்றம் இருக்கவில்லை, 2015 டிசம்பர் வெள்ளம் அந்தப் பாடத்தை ஏற்கெனவே நடத்தியிருந்தது. நாங்கள் மாடியில் இருந்தாலும், துணி ஒட்டித் தயாராக வைத்திருந்த 14 பலகைகளைக் கீழே மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்தேன். தெருவில் ஏறிய தண்ணீர் அங்கும் புகுந்து, மூன்றாம் நாள் பார்த்தபோது ஒட்டுப்பலகைகள் அப்பளம்போலப் பொரிந்து அடுக்கு அடுக்காகப் பிரிந்து கிடந்தன. அதன்பிறகு தரையில் எதையும் வைப்பதில்லை என்றும், பலகை வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, கடல் தரம் என்று கடைக்காரர்கள் சொல்லும் பலகையையோ, குறைந்தபட்சம் ஐ.எஸ். 303இல் கொதிநீர் தாங்கும் வகையையோதான் வாங்குவது என்றும் வழக்கமாக்கிக்கொண்டேன். விலை கூடுதல்தான், ஆனால் மூன்று மாத வேலை ஏறி உட்காரும் பலகையில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. வீடு மாறும்போது, கட்டிதட்டிப்போன சாக் பவுடர், மூடி திறக்காத போஸ்டர் வண்ணக் குப்பிகள், பாச்சை கடித்த பழைய மாதிரிப் படங்கள் ஆகியவற்றை யோசிக்காமல் தூக்கிப் போட்டேன். டிரேசிங் தாளில் எடுத்துவைத்த கோட்டுருவங்களில் மட்டும் ஒன்றைக்கூட விடவில்லை. அவற்றை மடிக்காமல் பி.வி.சி. குழாயில் சுருட்டி இரு முனைகளிலும் மூடி போட்டு எடுத்துவந்தது நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று.

மூட்டை கட்டுவதைப் பற்றி, இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்ல வேண்டும். முடிந்த ஓவியத்தின் முகப்பில் பபிள் ராப்பை நேராகச் சுற்றக் கூடாது. சென்னை வெயிலில் வண்டிக்குள் ஏறும் சூட்டில் அந்தக் குமிழிகளின் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் கஞ்சி போடாத பழைய பருத்திப் புடவை, அதற்கும் மேல்தான் பிளாஸ்டிக். கண்ணாடி போட்ட படங்களைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல் நிறுத்தியே கொண்டுபோக வேண்டும். இதை நான் மூன்று முறை சொல்லியும், சாமான் ஏற்ற வந்தவர்கள் ஒரு படத்தைக் கிடத்தி அதன்மேல் கிரைண்டரின் அடிப்பாகத்தை வைத்துவிட்டார்கள். கண்ணாடி உடைந்தது, நல்லவேளையாக உள்ளே இருந்த ராமர் பட்டாபிஷேகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றப் படங்களை மறுநாள் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றைத் தனியாக அமர்த்தி, பின்னால் நானே உட்கார்ந்து கொண்டுவந்தேன். தங்க ரேக்குப் புத்தகங்கள் எவர்சில்வர் டிபன் பெட்டியில் என் கைப்பையிலேயே வந்தன. கற்களை நிறவாரியாகச் சிறு டப்பாக்களில் போட்டிருந்தேன். ஒவ்வொரு டப்பாவின் மூடியையும் ஒட்டுநாடாவால் இறுக்கியது வீண் வேலை என்று எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தோன்றியது. வழியில் ஒரு மூட்டை கவிழ்ந்தபோது அவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

பழைய வீட்டைக் காலி செய்த அன்று, நான் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்தைக் கடைசியாகப் பெருக்கினேன். சிவப்பு ஆக்சைடு தரையின் விரிசல்களில் சிக்கியிருந்த ரேக்குத் துணுக்குகள் துடைப்பத்தோடு வந்தன. "இத்தனை வருஷமா தங்கத்துமேலதான் உட்கார்ந்திருக்கே" என்று என் கணவர் சிரித்தார். அதையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். வெட்டும்போது விழும் துணுக்குகளை நான் எப்போதும் ஒரு குப்பியில் சேர்த்துவைப்பதுண்டு.

ஆடி பிறந்துவிட்டால் குடிபோகக் கூடாது என்பதால் ஆனி முதல் வாரத்திலேயே பால் காய்ச்சிவிட்டோம். எரிவாயு இணைப்பு, முகவரி மாற்றம் போன்றவற்றில் எல்லாருக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. அந்த அவசரத்தில் நான் செய்த பெரிய தவறு, குடியேறிய பத்தாம் நாளே தச்சரை அழைத்து அறையின் மூன்று பக்கச் சுவர்களிலும் அலமாரி அடிக்கச் சொன்னது. "அக்கா, ஒரு மாசம் வேலை பார்த்துட்டு, எங்கெங்க எது வேணும்னு சொல்லுங்க, அப்புறம் அடிக்கலாம்" என்று அவர் சொன்னார். எனக்கோ பெட்டிகள் திறக்கப்படாமல் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. 38,000 ரூபாய் செலவில் கூரைவரை தட்டுகள் எழும்பின. பெட்டிகளில் இருந்த எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது. வேலைக்குத்தான் இடம் இல்லாமல் போயிற்று. மேசையைப் போடக்கூடிய ஒரே இடம் ஜன்னலுக்கு முதுகு காட்டும் இடமாக அமைந்துவிட, நான் குனிந்தால் என் நிழலே பலகையில் விழுந்தது. அன்றாடம் தேவைப்படும் கோந்துக் கிண்ணமும் தூரிகைகளும் எட்டாத தூரத்தில் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் சட்டக் கட்டைகள் கைக்கெட்டும் உயரத்தில் உட்கார்ந்திருந்தன. அடுத்த தை மாதத்தில் அதே தச்சரைக் கூப்பிட்டு ஒரு பக்க அலமாரியைக் கழற்றச் சொன்னபோது, அவர் பழையதை நினைவுபடுத்தாமல் பேசாமல் கழற்றினார். அந்தப் பெருந்தன்மைக்காகவே கேட்ட கூலியை விடச் சற்று அதிகம் கொடுத்தேன்.

வெளிச்சத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது, அதனால்தான் அதில் மோசமாக ஏமாந்தேன். ஓவியம் வரைபவர்களுக்கு வடக்கு ஜன்னல் நல்லது என்று காலம்காலமாகச் சொல்கிறார்கள். நேர்வெயில் படாது, நாள் முழுதும் ஒரே சீரான வெளிச்சம் இருக்கும் என்பது காரணம். ஜனவரியில் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது அந்த அறையின் வடக்கு ஜன்னலில் பால்போல வெளிச்சம் இறங்கியதைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன். ஜூனில் குடியேறியபின் முதல் காலையிலேயே ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் பாய்ந்து மேசையில் விழுந்தது. திசையைத்தான் தவறாகக் கணித்துவிட்டேனோ என்று திகைத்துப்போனேன். பிறகு நிதானமாக யோசித்தபோது விஷயம் விளங்கியது. சென்னை 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நடுப்பகலிலும் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நான்கு மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் வரவே செய்யும். உச்சி வேளையில் மட்டும் ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு தடுத்துவிடும். வடக்கு ஜன்னலை மாசற்றதாகச் சொல்லும் அறிவுரை குளிர்நாடுகளில் பிறந்தது. நம் ஊருக்கு அது எட்டு மாதத்துக்குத்தான் பொருந்தும். பணிக்கூடம் தேடுபவர்கள் ஓர் அறையை ஜனவரியிலும் மே மாதத்திலும் பார்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் திரைக்கம்பிக்கு முன்கூட்டியே துளை போட்டுவிடுங்கள்.

இரவு விளக்கிலும் இதேபோல் ஒன்று நடந்தது. குடியிருப்பைக் கட்டியவர்கள் அழகுக்காகக் கூரையில் மஞ்சள் எல்.இ.டி. விளக்குகளைப் பதித்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் தங்க ரேக்கு கோயில் கருவறையில் பார்ப்பதுபோல் மின்னியதில் நானும் மயங்கினேன். ஒரு யசோதை கிருஷ்ணர் படத்தில் யசோதையின் முகத்துக்கான வண்ணத்தை அந்த வெளிச்சத்திலேயே குழைத்துப் பூசினேன். எல்லாம் ஏற்கெனவே மஞ்சளாகத் தெரிந்ததால் கை தானாக மஞ்சளைக் குறைத்திருக்கிறது. மறுநாள் பகலில் பார்த்தால் யசோதை சோகை பிடித்ததுபோல் வெளிறியிருந்தாள். முகத்தை முழுவதும் சுரண்டி மறுபடி எழுத வேண்டியதாயிற்று. இப்போது மேசைக்கு மேல் மஞ்சள் சாயல் இல்லாத 4000 கெல்வின் வெள்ளை விளக்குகள் இரண்டைப் போட்டிருக்கிறேன். வாங்கும்போது பெட்டியில் சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் எண் அது. ஒரே விளக்காகப் போடாமல் இரு பக்கமும் ஒவ்வொன்றாகப் போட்டால் கையின் நிழல் கோட்டில் விழாது.

தரை ஒரு பொருட்டாகும் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பழைய வீட்டின் சிவப்புத் தரையில் ஒரு வெள்ளைக் கல் தவறி விழுந்தால் விழுந்த இடத்திலேயே கண்ணில் படும். புது வீட்டிலோ தந்த நிறத்தில் பளபளக்கும் டைல்ஸ். கல் விழுந்ததும் துள்ளி அறையின் மறுகோடிக்கு ஓடுகிறது. ஓடிய கல்லும் தரையின் பளபளப்பில் கரைந்துவிடுகிறது. முதல் மாதத்தில் நான் கல் பதித்த நேரத்தைவிடத் தவழ்ந்து தேடிய நேரம்தான் அதிகமாக இருந்திருக்கும். கருநீல நிறத்தில் கனமான ஜமக்காளம் ஒன்றை வாங்கி மேசைக்கு அடியில் விரித்த பிறகே அந்தத் தொல்லை நீங்கியது. மேசையின் விளிம்பிலும் அரை அங்குல உயரத்துக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டேன்.

அடுத்தது காற்று. ரேக்கு வெட்டும்போது மின்விசிறி ஓடக் கூடாது என்பது பயில வருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லும் விதி. பழைய கூடத்தில் விசிறியை நிறுத்தினாலும் புழுங்காத அளவுக்குக் கூரை உயரமாக இருந்தது. புது அறை தாழ்வானது. விசிறியை நிறுத்திய ஐந்து நிமிடத்தில் நெற்றி வியர்வை பலகையில் சொட்டும் நிலை. ஏ.சி. பெட்டியைப் பொருத்தினோம். அதன் காற்று நேராக மேசைமேல் வீசும்படி பொருத்திவிட்டதால், ஒரு ரேக்குத் தாள் எழும்பிக் கசங்கியதோடு, ஈரமாக வைத்திருந்த மக்கும் மேற்பரப்பு மட்டும் சட்டென்று உலர்ந்து மயிரிழை மயிரிழையாக வெடித்தது. மக்கு மெதுவாக, உள்ளும் புறமும் ஒன்றாகக் காய வேண்டும். இப்போது வெட்டும் வேலைக்கு அரைமணி முன்பே அறையைக் குளிரவைத்து, வேலை தொடங்கும்போது பெட்டியை நிறுத்திவிடுகிறேன். மக்கு வைத்த பலகையை அந்த அறையில் வைக்காமல் கூடத்தில், காற்றோட்டம் இருந்தும் நேர்க்காற்று படாத இடத்தில் கிடத்துகிறேன். அதற்காகப் பால்கனி வெயிலில் வைத்துவிடவும் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பலகை வில்லாக வளையும். அப்படி வளைந்த ஒரு பலகை இப்போது எங்கள் வீட்டில் சப்பாத்தி மாவுடப்பாவுக்கு மூடியாக இருக்கிறது.

உப்புத்தாள் தேய்ப்பதை மட்டும் பால்கனிக்குக் கொண்டுபோய்விட்டேன். சாக் தூசி கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நாள் முழுக்க மிதந்துகொண்டிருக்கும். மாலையில் கோந்து தடவிய இடத்தில் வந்து உட்காரும். அதன்மேல் ஒட்டிய ரேக்கில் சிறு சிறு பருக்களாகத் தெரியும். நுரையீரலுக்கும் நல்லதல்ல என்பதால் என்95 முகக்கவசம் இல்லாமல் தேய்ப்பதில்லை. கழுவும் நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வீட்டில் தூரிகையும் கிண்ணமும் கழுவிய தண்ணீரைக் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் ஊற்றுவேன். புது வீட்டில் அதையே தொட்டியில் ஊற்றியதில் இரண்டே மாதத்தில் குழாயின் வளைவில் சாக் படிந்து சிமெண்டுபோல் இறுகிக் கீழ்வீட்டுக்காரர்கள்வரை பிரச்சினை போயிற்று. இப்போது ஒரு வாளியில் கழுவி, இரவெல்லாம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடித்து ஊற்றிவிட்டு, அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடுகிறேன்.

உடம்பும் இடம் மாறியிருந்தது. மணைப்பலகை முன் சம்மணமிட்டு 24 ஆண்டுகள் வேலை செய்த முழங்கால்கள் 58 வயதில் இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் மேசைக்கு மாற வேண்டியிருந்தது. கடையில் கிடைக்கும் 30 அங்குல மேசை எனக்கு உயரம். தோள் தூக்கிக்கொண்டே நின்றதில் கழுத்துவலி வந்தது. கால்களை அறுத்து 27 அங்குலமாக்கியபின் முழங்கை இயல்பாகப் பலகையில் படிந்தது. மேசையை எங்கே போடுவது என்பதை இந்த முறை அவசரப்படாமல், கோலமாவால் தரையில் கோடு போட்டு முடிவு செய்தேன். மேசைக்கு ஒரு சதுரம், நாற்காலி பின்னால் நகர மூன்றடி, எனக்குப் பின்னால் நின்று பார்க்கும் மாணவிக்கு இரண்டடி, கதவு திறக்க ஒரு கால்வட்டம் என்று வரைந்துகொண்டு, அந்தக் கோட்டுக்குள்ளேயே இரண்டு நாள் நடமாடிப் பார்த்தேன். மூன்றாவது முறை வரைந்ததுதான் சரியாக வந்தது. அலமாரி அடித்த அந்த ஜூனிலேயே இந்த ஒரு கைப்பிடி கோலமாவைச் செலவழித்திருக்கலாம்.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டாவது தளம் என்பதால் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் மின்சாரம் இல்லாத நாள்களில் மேற்குச் சுவர் உள்பக்கமாக ஈரம் கோத்து, வண்ணப்பூச்சு குமிழ்விடத் தொடங்கியது. அந்தச் சுவரில்தான் விற்பனைக்கான ஐந்து படங்களை வரிசையாக மாட்டியிருந்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவற்றைக் கழற்றிப் பின்புறம் தொட்டுப் பார்த்தால், இரண்டில் அட்டை நமுத்திருந்தது. நாள் தாழ்த்தியிருந்தால் பூசணம் உள்ளே இறங்கியிருக்கும். ஒரு மழைக்காலம் கடக்கும்வரை புது வீட்டின் வெளிச்சுவர் எதையும் நம்பிப் படம் மாட்டக் கூடாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இப்போது படங்கள் உள்சுவரில் தொங்குகின்றன; ஒவ்வொன்றின் பின்னாலும் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டியிருப்பதால் படத்துக்கும் சுவருக்கும் இடையே அரை அங்குலம் காற்றுப் போகிறது. மழைமாதங்களில் ரேக்கு ஒட்டுவதையே குறைத்துக்கொண்டு, கோட்டுருவம் போடும் வேலையை அந்த மாதங்களுக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

மாணவிகள் வராமல் போய்விடுவார்கள் என்று பயந்தேன். மாம்பலமும் குரோம்பேட்டையும் ஒரே மின்ரயில் தடத்தில் இருப்பதால் ஒருவரைத் தவிர எல்லாரும் தொடர்ந்து வருகிறார்கள்; எனக்கும் பாரிமுனைக்குப் போய்ச் சாமான் வாங்க அதே ரயில்தான், கடற்கரை நிலையம்வரை நேராகப் போய்விடலாம். முன்னைவிடத் தொலைவு என்பதால் கோந்தும் காடாத் துணியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குகிறேன். கோந்துக் கட்டிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தேவைக்கு மட்டும் முதல்நாள் இரவு ஊறவைத்து மறுநாள் வடிகட்டிக்கொள்கிறேன். அதிகமாக ஊறவைத்தால் இரண்டு நாளில் நாறும்.

வெளிறிப்போயிருந்த யசோதை 2024 பிப்ரவரியில் முடிந்து, வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த மாதம் ஜன்னலில் மறுபடி பால்போன்ற வெளிச்சம்தான். வெள்ளைக் காடாத் துணியில் ஒரு திரை தைத்து வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் மாட்டி, ஆவணி பிறந்ததும் கழற்றிவிட வேண்டும்.